கிணற்று நீச்சல் தெரிந்தவர்கள் கடலுக்குப் போகும்போது: கொங்கு நாட்டிலிருந்து ஒரு நாள் கயாக், ஸ்நார்க்கல் பயணம்

இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். முகத்தில் மாஸ்க், வாயில் குழாய். குனிந்து முகத்தைக் கடலில் வைத்ததும் மூச்சு தானாக நின்றுவிட்டது. குழாய் வழியாகக் காற்று தாராளமாக வருகிறது; நெஞ்சுதான் வாங்க மறுக்கிறது. வெள்ளகோவில் பக்கம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் கூடு) கட்டி நீச்சல் பழகியவள் நான். முகம் தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்கு என்று ஏழு வயதில் உடம்பு கற்றுக்கொண்ட பாடத்தை, நாற்பதை நெருங்கும் வயதில் மறக்கச் சொன்னால் அது உடனே மறப்பதில்லை. என்னோடு வந்தவர்களில் நீச்சலே தெரியாத சின்ன நாத்தனார் எனக்கு முன்பே மீன் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு உறவினர்களையும் தோழிகளையும் அழைத்துக்கொண்டு பலமுறை போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதையேதான் பார்க்கிறேன். கிணற்றில் தொபீரென்று குதித்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்குக் கடலில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம். விட வேண்டியது நிறைய. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கமிருந்து முதன்முறையாக ஒரு வழிகாட்டியுடன் கயாக் என்ற சிறு படகில் கடலில் துடுப்புப் போட்டு, மாஸ்க்கும் மூச்சுக்குழாயுமாக மிதந்து (அதுதான் ஸ்நார்க்கல்) கொஞ்ச நேரம் அடியையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் கடலுக்குப் போவது

கோவைக்குப் பக்கத்துக் கடல் அரபிக்கடல். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் 150 கிலோமீட்டருக்குள் பொன்னானிக் கரை வந்துவிடும். கயாக் மட்டும் போதும் என்றால் கேரளத்துக் காயல்கள் அருமையான இடங்கள். தண்ணீருக்கு அடியில் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கரை உதவாது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் வண்டலும் திறந்த கடலின் அலையும் சேர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடுகின்றன.

நமக்கு ஏற்றது இராமநாதபுரம் மாவட்டம். மண்டபத்தை நோக்கி நிலம் ஒடுங்கி ஒரு விரலைப்போலக் கடலுக்குள் நீளும் இடம் அது. விரலுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரிலேயே குணம் இருக்கிறது. வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அடங்கி இருப்பது.

தென்கடலில் பவளப்பாறைகள் அதிகம். ஆனால் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்க முடியாது. "தீவில் இறக்கிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் அவர்களோடு போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதும் வரும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது வடகடல்தான். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் உச்சிப்புளி அருகே இடதுபுறம் திரும்பினால் பிரப்பன்வலசை. அங்கே கயாக், ஸ்நார்க்கல் இரண்டையும் கற்றுக்கொடுத்து அழைத்துப்போகிறார்கள். கரையை ஒட்டிக் கடற்புல் வெளிகள், சற்றுத் தள்ளிப் பவளத் திட்டுகள். வயதானவர்களும் சிறுவர்களும் உடன் வந்தால் காரங்காட்டை நினைத்துப் பாருங்கள். தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அது. அலையாத்திக் காட்டுக்குள் படகிலோ கயாக்கிலோ போய் வரலாம். அலை என்ற பேச்சே இல்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் படங்களில் வரும் கண்ணாடித் தண்ணீர் இங்கே கிடைக்காது. முந்தின நாள் காற்று அடித்திருந்தால் கை நீட்டும் தூரம்தான் தெரியும். அந்தக் கை தூரத்திலேயே ஒரு மணி நேரம் போவது தெரியாமல் போகும்.

எப்போது போவது: காற்றுதான் காலண்டர்

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் வாழைத்தோட்டங்களைச் சாய்க்கிற தென்மேற்குக் காற்று இருக்கிறதே, அந்தக் கரையில் அதற்குப் பெயர் கச்சான். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடலுக்கோ நிலமே மறைப்பாக நிற்பதால் கரையோரம் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை வந்தால் தலைகீழ்: வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். கச்சான் காலத்தில் வடகடல் அமைதியாகத் தெரிவதற்குக் காரணமே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதுதான். கரையோரம் அலை எழாது. ஆனால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கயாக் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அறைவது தெரியும். ஆகவே ஆனி, ஆடியில் போவதானால் கரையை ஒட்டியே இருக்கும் பயணத்தை மட்டும் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது மாசியும் பங்குனியும். வாடை ஓய்ந்து, கச்சான் இன்னும் தொடங்காத இடைவெளி அது. நாளிலும் ஒரு கணக்கு உண்டு: வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். காலை ஆறரை, ஏழு மணிக்குத் தண்ணீரில் இறங்கி பதினொன்றுக்குள் கரையேறிவிட வேண்டும். பத்து மணிக்கு வரச் சொல்லும் ஏற்பாட்டாளரிடம் காரணம் கேளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கயாக் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மதியச் சாப்பாட்டில் பெரிய மீன் கிடைப்பதுதான் குறையும்.

கிளம்புவதற்கு இரண்டு நாட்கள் முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரத்தைக் கரைவாரியாக வெளியிடுகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பு இவற்றைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? புதியவர்கள் என்றால் நான்கைந்து பேருக்கு மேல் ஒருவரால் கவனிக்க முடியாது. குழந்தைக்குப் பொருத்தமான அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? கயாக்குகள் தண்ணீரில் இருக்கும்போது இயந்திரப் படகு ஒன்று தயாராக நிற்குமா? முதலுதவியும் உயிர்காக்கும் பயிற்சியும் பெற்றவர் கூட வருகிறாரா? கரையில் கவிழ்ந்து ஏறும் பயிற்சி தருவீர்களா? காற்று அதிகமானால் பயணத்தை நிறுத்துவீர்களா, அப்போது பணம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். ஒருமுறை எங்களை அழைத்துப்போன ஒருவர், காற்று எழுந்த பிறகும் "ஒன்றும் ஆகாது" என்று உள்ளே கூட்டிப்போனார். அன்று இரண்டு பேர் கயாக்கில் வாந்தி எடுத்தார்கள். என் அக்கா மகன் துடுப்பைத் தவறவிட்டான். கரை சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவரோடுதான் இப்போது போகிறேன்.

ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம். வழிகாட்டியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரலாம். லைஃப் ஜாக்கெட்டுடன் மேற்பரப்பில் மிதந்துகொண்டே பார்க்கும் வேலைதான் ஸ்நார்க்கல். தண்ணீரைக் கண்டால் நடுங்குபவர்கள் மட்டும் முதல் முறை கயாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஊரிலேயே பழக வேண்டியது

போவதற்கு ஒரு வாரம் முன்பு மாஸ்க்கும் குழாயும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கிவிடுங்கள். அங்கேயும் தருவார்கள். ஆனால் பழகுவதற்கு வீட்டில் ஒன்று வேண்டும். ஊரார் வாய் வைத்த குழாய் என்ற அருவருப்பும் இருக்காது.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வாரைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் மாஸ்க். நம் ஊர் ஆண்களுக்கு மீசை ஒரு தடை; மயிர் இருக்கும் இடத்தில் ரப்பர் பதியாமல் தண்ணீர் கசியும். மீசையின் மேல் வாசலின் பூசினால் பெருமளவு நிற்கும். கண்ணாடி அணிபவர்கள்: பவர் குறைவென்றால் கவலை வேண்டாம், தண்ணீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். பவர் அதிகம் என்றால் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது.

முதல் பயிற்சிக்கு ஒரு அகலமான அண்டா போதும். தண்ணீர் நிரப்பி, மாஸ்க் போட்டு, குழாயைக் கடித்து, முகத்தை உள்ளே வையுங்கள். வாயால் இழுங்கள், வாயால் விடுங்கள். மெதுவாக, ஆழமாக. மூச்சு நின்றுபோனால் முகத்தை எடுத்துவிடாமல் விரலால் அண்டாவின் விளிம்பைத் தட்டி எண்ணுங்கள்: நான்கு எண்ணும்வரை இழுப்பு, ஆறு எண்ணும்வரை விடுப்பு. ஐந்து நிமிடம் தொடர்ந்து மூச்சு விட வந்துவிட்டால் பாதிக் கடல் தாண்டியாயிற்று. எனக்கு மூன்று நாள் பிடித்தது.

இரண்டாவது, நீச்சல் குளத்தில். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் தலையைத் தூக்கிப் பதறக் கூடாது. அடுப்பை ஊதும்போது நீளமாக ஊதுவோம். இங்கே அப்படி ஊதினால் தண்ணீர் போகாது. "தூ" என்று ஒரே வெட்டாக ஊத வேண்டும். அடுத்த மூச்சைக் கொஞ்சமாக இழுத்துப் பார்த்து, மிச்சத் தண்ணீர் இருந்தால் இன்னொரு வெட்டு. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே உயர்த்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும்.

மூன்றாவது, சும்மா கிடப்பது. கிணற்று நீச்சலில் நாம் தண்ணீரை அடிக்கிறோம், உதைக்கிறோம், சுவரைத் தேடிப் போகிறோம். கடலில் சுவர் இல்லை, அவசரமும் இல்லை. கை கால்களைத் தளரவிட்டுக் குப்புறக் கிடக்கப் பழகுங்கள். "தண்ணீர் தாங்கும் கண்ணு, நீ விட்டுப்பாரு" என்று அப்பிச்சி கிணற்றுப் படியில் உட்கார்ந்தபடி சொல்வார். கிணற்றுத் தண்ணீர் தாங்குவதைவிட உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகத் தாங்கும்.

பயிற்சிக்குப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலிலோ கீழ்பவானி வாய்க்காலிலோ இறங்காதீர்கள். அந்த இழுப்பும் வழுக்கும் சரிவுச் சுவரும் நீச்சல்காரர்களையே கொண்டுபோயிருக்கின்றன.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நம் பையன்களுக்குக் கிணற்றில் முங்குப் போட்டி பழக்கம்: வேகவேகமாகப் பத்து மூச்சு இழுத்துவிட்டு முங்கி, யார் கடைசியில் எழுகிறார்கள் என்று பார்ப்பது. கடலிலும் குளத்திலும் கிணற்றிலும் இதைச் செய்யவே கூடாது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது உடம்பில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டு அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால், ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நேரத்திலும் முட்டல் தெரியாது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நினைவு தப்பும். கரையில் இருப்பவர்களுக்கு ஆள் இன்னும் மீன் பார்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். உங்கள் வீட்டு இளவட்டங்களுக்கு இதை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

உடுப்பும் பையும்

பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், காற்றில் குளிரும், அக்குளில் தேய்த்துப் புண்ணாக்கும். பாலியஸ்டரில் முழுக்கை விளையாட்டுச் சட்டைதான் சரி. திருப்பூர் காதர்பேட்டையில் குறைந்த விலைக்குக் குவிந்து கிடக்கிறது. பெண்களுக்கு அதனுடன் இறுக்கமான லெக்கிங்ஸ். துப்பட்டாவும் தொளதொள சுடிதாரும் கயாக்கில் ஏறி இறங்கும்போது காலைச் சுற்றும். பின்னலைக் கீழே தாழ்த்திக் கட்டுங்கள். கொண்டை போட்டால் மாஸ்க் வார் நிற்காது. தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம். மோதிரம், கொலுசு, தோடு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

உடம்பை மூடினால் சன்ஸ்கிரீன் தேவை முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும்தான். அது பவளத்துக்கும் நல்லது. ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன்கள் பவளத்தைப் பாதிக்கின்றன என்பதால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. வாங்கும்போது துத்தநாக ஆக்சைடு வகையா என்று பாருங்கள். ஸ்நார்க்கல் செய்யும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் வெந்துபோகும். முழுநீள லெக்கிங்ஸ் ஆண்களுக்கும் நல்லதுதான்.

பையில்: மாற்றுடை, துண்டு, ஆதார் அட்டை, பின்வார் உள்ள ரப்பர் செருப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத உறை. பொள்ளாச்சிப் பக்கம் வருபவர்கள் நான்கு இளநீரை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கரையேறியதும் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ட்ரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது; முழுக் கரையும் கண்காணிப்பில் உள்ள பகுதி.

போகும் வழி

கோவையிலிருந்து இராமநாதபுரம் மதுரை வழியாக ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் மதுரை பஸ் பிடித்தால் ஆரப்பாளையத்தில் இறக்குவார்கள்; திருப்பூர், ஈரோட்டு பஸ்களும் அங்கேதான். இராமநாதபுரம் பஸ்கள் கிளம்புவது மாட்டுத்தாவணியிலிருந்து. நடுவே நகரப் பஸ்ஸோ ஆட்டோவோ வேண்டும். கோவையிலிருந்து இராமேசுவரத்துக்கு வாரம் ஒருமுறை ரயில் உண்டு. அந்தக் கிழமை ஒத்துவந்தால் அதுவே சுகம்.

இரவு முழுக்கக் கார் ஓட்டிவிட்டு விடிந்ததும் கடலில் இறங்கும் குழுக்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தூங்காத உடம்புக்கு வாந்தி சீக்கிரம் வரும், தசைப்பிடிப்பும் வரும், முடிவுகள் தடுமாறும். முதல் நாள் பகலில் கிளம்பி, இராமநாதபுரத்தில் இரவு தங்கி, நன்றாகத் தூங்குங்கள். கடலில் ஒரு பகல்தான். சாலைக்கு முன்னும் பின்னும் நேரம் கொடுங்கள்.

காலையில் இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். பொங்கலும் வடையும் வேண்டாம். முந்தின இரவு மது அருந்தியவரை அன்று தண்ணீரில் இறக்கவே கூடாது.

கயாக்கில்

புதியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் மேலே உட்காரும் வகை. குழிக்குள் கால்கள் சிக்காது, கவிழ்ந்தாலும் மூழ்காது. முழங்காலளவு தண்ணீரில் அதை நிறுத்தி, முதலில் பிட்டத்தை நடு இருக்கையில் வைத்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள். நின்றுகொண்டு ஏறினால் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பீர்கள்.

துடுப்பைத் தலைக்கு மேல் கிடையாகத் தூக்குங்கள். முழங்கைகள் செங்கோணத்தில் மடங்கும் இடம்தான் பிடி. நம் கைகளுக்கு மண்வெட்டிப் பழக்கம்; இறுக்கிப் பிடித்துத் தோளால் இழுப்போம். அரை மணியில் தோள் சோர்ந்துவிடும். விரல்கள் தளர்ந்திருக்க, இடுப்பைத் திருப்பி, பாதத்தருகே துடுப்பை இறக்கி, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிடுங்கள். ஆழமாகக் குத்த வேண்டாம். தகடு மூழ்கினால் போதும். வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கத்தில் அகலமாக வளைத்துப் போடுங்கள். நிறுத்த, துடுப்பைப் பின்னோக்கி இரண்டு முறை போடுங்கள்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் தாளம், பின்னால் இருப்பவர் திசை. கணவன் மனைவி ஒரே கயாக்கில் ஏறினால் யார் எது என்று கரையிலேயே பேசிவிடுங்கள். எடை கூடியவர் பின்னால்.

கவிழ்ந்து ஏறும் பயிற்சியைக் கழுத்தளவு தண்ணீரில் கட்டாயம் செய்யுங்கள். கயாக்கை விடாதீர்கள், நிமிர்த்துங்கள், பக்கவாட்டில் நின்று இரு கைகளையும் குறுக்கே வைத்து, கால்களைத் தண்ணீரில் உதைத்து, வயிற்றைக் கயாக்கின் மேல் போடுங்கள், அப்படியே மல்லாந்து உட்காருங்கள். கிணற்று மேட்டில் கையூன்றி எழும்பும் பழக்கம் இங்கே கெடுதி. மேல்நோக்கி எழும்பினால் கயாக் உங்கள் மேலேயே புரளும். தவளைபோலத் தட்டையாக வழுக்கி ஏற வேண்டும்.

காற்றுக்கு எதிராகத் தொடங்கி, காற்றோடு திரும்புங்கள். களைத்த கைகளுக்குக் காற்று உதவட்டும்.

தண்ணீருக்கு அடியில்

ஸ்நார்க்கல் இடத்துக்கு வந்ததும் வழிகாட்டி கயாக்குகளைக் கட்டிவிடுவார். மாஸ்க்கின் உட்கண்ணாடியில் எச்சில் தடவி, கடல்நீரில் ஒரு முறை அலசி அணிந்தால் ஆவி படியாது. இறங்கியதும் எங்கும் போகாதீர்கள். கயாக்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து, இருபது மூச்சு எண்ணுங்கள். இருபது முடிவதற்குள் நெஞ்சு இறங்கிவிடும்.

அப்போதுதான் காது திறக்கும். பவளத் திட்டுக்கு அருகில் கடல் அமைதியாக இருப்பதில்லை. கடுகு தாளிக்கும் சத்தம் கேட்கும், விடாமல், எல்லாப் பக்கத்திலிருந்தும். சொடுக்கும் இறால்கள் கொடுக்கைச் சட்டென்று மூடும்போது எழும் ஒலி அது. நடுவே ஏதோ நறுக்கென்று கடிபடும்: கிளிமீன் பாறையைச் சுரண்டுகிறது.

கடற்புல் வெளியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். முதல் பார்வைக்கு நம் கோரைக்காடு போலத்தான் இருக்கும். ஒரு சதுர அடியை மட்டும் இரண்டு நிமிடம் பாருங்கள். இலைகள் எல்லாம் சேர்ந்து ஒருபக்கம் சாய்ந்து, மூச்சு விட்டதுபோல நிமிரும். அந்த இடைவெளியில், இலையின் நிறத்திலேயே ஒரு விரல்நீள மீன் நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பது தெரியும். மணலில் ஒரு நட்சத்திர மீன். ஆவுளியா என்று இங்கே அழைக்கப்படும் கடல்பசுவுக்கு இந்தப் புல்தான் உணவு. அதைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவை நேரில் பார்ப்பது அரிது. அதன் மேய்ச்சல் நிலத்தின் மேல் மிதக்கிறோம் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கால் கடுத்தால் மல்லாந்து மிதங்கள், கயாக்கைப் பிடியுங்கள். பாறைபோலத் தெரிந்தாலும் அது உயிர். உங்கள் பாதம் நொறுக்குவது பல ஆண்டு வளர்ச்சி. இந்தக் கடல்களில் 2010இலும் 2016இலும் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்திருக்கின்றன. மிஞ்சியதை நாமும் மிதிக்க வேண்டாம். உடைந்த பவளத் துண்டு, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் நினைவுப்பொருளாக எடுத்துவரக் கூடாது. இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. காய்ந்த துண்டுக்கும் அதே சட்டம்தான்.

ஆழமற்ற மணலில் நடக்க நேர்ந்தால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு உணர்ந்து விலகிவிடும். மிதித்தால்தான் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில் காலை வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் மெல்ல எடுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் உடனே 108. கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. கைப்பேசியில் முன்பே பதிந்துவையுங்கள்.

முதல் முறை தண்ணீருக்குள் நாற்பது நிமிடம் போதும். உதடு நடுங்கத் தொடங்கினால் வெயில் எவ்வளவு அடித்தாலும் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பொருள். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சும் பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

கரையேறிய பிறகு

இளநீர், பிறகு நல்ல தண்ணீரில் குளியல். காதுக்குள் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்துக் குதியுங்கள், குச்சி விடாதீர்கள். மதியச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே, மீனவர் வீட்டுச் சமையலாகக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள். நம் வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறை கறி எடுத்துப் பழகிய நாக்குக்கு, காலையில் கரை சேர்ந்த மீனின் குழம்பு புதிய ருசி.

இரண்டு மணி நேரமாவது நிழலில் படுத்துவிட்டு வண்டியை எடுங்கள். ஓட்டுபவர் கடலில் இறங்காதவராக இருந்தால் நல்லது. மாஸ்க்கையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போடாமல் நிழலில் காயவையுங்கள். ரப்பர் வெடிக்காமல் பல வருடம் வரும். எங்கள் வீட்டில் அது அண்டாவின் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. அடுத்து அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நேற்று நான்கு நிமிடம் மூச்சு விட்டார்.